பவர் பிரேக்கும் பூரணத்தின் காலும்

என் மனைவியின் கால் போதாது என்று ஓர் அரசாங்க அதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நான்கு மாதங்களுக்கு முன் நடந்தது. நுவரெலியாவில், குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய ரோட்டில் டிரைவிங் சோதனை. காரை ஓட்டியவள் என் மனைவி பூரணம். பக்கத்து சீட்டில் சோதனை அதிகாரி – சிங்களவர், நரைத்த மீசை, மடியில் ஒரு ஃபைல். நான் ரோட்டோரத்தில் குளிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கியர் மாற்றினாள். மேட்டில் நிறுத்தி எடுத்தாள். பின்னால் வளைத்து விட்டாள். கடைசியில் அதிகாரி ஃபைலால் டாஷ்போர்டில் ஓங்கித் தட்டினார். தட்டிய உடனே வண்டி நிற்க வேண்டும். அதுதான் சோதனை.

வண்டி நின்றது. ஆனால் நான்கு லயக் காம்பராவின், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறைகள் நான்கின், நீளம் போய்த்தான் நின்றது.

இறங்கி வந்த அதிகாரி என்னிடம் சொன்னார்: "ஓட்டுறது எல்லாம் சரி. நிப்பாட்டத்தான் ஏலாது. நோனாவுக்குக் கால் பலம் மதி." சிங்களத்தில் நோனா என்றால் அம்மணி, மதி என்றால் போதாது என்று அர்த்தம்.

ஓட்டியவள் அவள். என்னிடம் ஏன் சொல்கிறார்? பூரணத்துக்கும் அதே சந்தேகம்தான். காரை விட்டு இறங்கி எங்களுக்கு நடுவில் வந்து நின்றாள். "என் காலப் பத்தி எங்கிட்டயே சொல்லுங்க சார்" என்றாள். மனிதர் கொஞ்சம் தடுமாறி, அவளிடமும் ஒரு முறை சொன்னார்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நோர்வூட் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கர். கொழுந்து வாடுவதைப் பற்றியே மூன்று வாரம் எழுதி உங்கள் பொறுமையைச் சோதித்தவன். பூரணத்தைப் பற்றி எழுதியதில்லை. அவளுக்குப் பிடிக்காது. இந்த வாரத்துக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்... ஒரு நிபந்தனையோடு. நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்காமல் எழுத வேண்டுமாம். வரும்.

பூரணம் எங்கள் தோட்டத்து மிட்வைஃப். நான்கு டிவிஷன், ஒரு மிட்வைஃப். உயரம் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. டிஸ்பென்சரிக்கென்று ஒரு பழைய சின்ன இங்கிலீஷ் கார் உண்டு. அதை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். புது டிரைவர் போடவில்லை. கார் ஷெட்டில் நின்றது. பூரணம் நடந்தாள். கொழுந்து லொறி கிடைத்தால் அதில் தொற்றிக்கொண்டு போவாள்.

அப்படியிருக்கும்போதுதான் போன மழைக்காலத்தில் மேல் டிவிஷனிலிருந்து பிரசவ வலி என்று ஆள் வந்தது. லொறி ஸ்டேஷனுக்குப் போயிருந்தது. நான் ஃபேக்டரியில். பூரணம் பையைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் நடந்தே ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது, கழுத்தில் கொடி சுற்றி, மூச்சில்லாமல். அரை மணி நேரம் முன்னால் போயிருந்தால் காப்பாற்றியிருப்பாள்.

திரும்பி வந்தவள் சேலையில் ஒட்டியிருந்த அட்டைகளைக்கூடத் தட்டவில்லை. "நாளைக்குக் காலையில தொரையப் பாக்கப் போறேன்" என்றாள்.

தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், நல்ல மனிதர், ஆனால் டிஸ்பென்சரி காரை நானே ஓட்டுகிறேன் என்று அவள் கேட்டதும் அவரும் சிரித்துவிட்டாராம். "பழகுவதற்குக் காரை எடுத்துக்கொள், லைசென்ஸோடு வந்தால் சாவியை உனக்கே தருகிறேன்" என்றாராம். எடுக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாத்தியார் ஆனேன். ஸ்டியரிங், கிளட்ச், கியர் எல்லாம் ஒரு மாதத்தில் அவளுக்குக் கைவந்துவிட்டன. பிரேக் மட்டும் வரவில்லை. அந்தக் காரின் பிரேக் பழைய ரகம். நாம் மிதிக்கிற மிதிதான் குழாயிலுள்ள எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. நடுவில் உதவிக்கு யாரும் இல்லை. நான் மிதித்தால் நிற்கும். அவள் மிதித்தால் யோசித்து நிற்கும்.

அந்த யோசனையைத்தான் அதிகாரி கண்டுபிடித்துவிட்டார்.

சோதனையில் தோற்றுத் திரும்பும் வழியில் ஹட்டனில் இறங்கி, துணிக்கடை காசிம் முதலாளியிடம் புலம்பினேன். என் பழைய சிநேகிதர். பூரணத்தை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பெரிய அமெரிக்கன் கார் ஒன்றை அப்போதுதான் வாங்கியிருந்தார். கடை வாசலில் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க" என்றார். "என் வண்டி பவர் பிரேக். தங்கச்சி ஒரு விரலால தொட்டாப் போதும், நிக்கும். ஞாயித்துக்கிழமை கொண்டு போய் ஓட்டிப் பழகுங்க. டெஸ்டுக்கும் இதையே கொண்டு போங்க."

முதல் நாள் முதலாளியும் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். பூரணத்துக்குத் தெரிந்ததெல்லாம் பழைய கார்தானே? அதை மிதிக்கிற மாதிரியே பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். காசிம் முதலாளியின் தொப்பி டாஷ்போர்டில் போய் விழுந்தது. தொப்பிக்குப் பின்னாலேயே அவரும் போனார்.

நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "தங்கச்சி... தொடத்தான் சொன்னேன்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓட்டினாள். அவ்வளவு பெரிய வண்டி அவள் கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டு நின்றது. எனக்கு நிம்மதி. விஞ்ஞானம் வாழ்க என்று இந்தப் பத்தியிலேயே எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பூரணம் மட்டும் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா கால்ல ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. யாரோ நிப்பாட்டுற மாதிரி இருக்கு" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது ஞாயிறு. மலைப் பாதையில் ஓட்டிப் பழகட்டும் என்று ஹட்டனிலிருந்து கினிகத்தேனைப் பக்கம் இறங்கினோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். காலை நேரம், ரோடு ஈரம், மூடுபனி அப்போதுதான் விலகுகிறது.

இனி என் முட்டாள்தனம்.

மலைநாட்டில் வண்டி ஓட்டுகிற ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஒரு வியாதி உண்டு. இறக்கம் வந்தால் நியூட்ரலில் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைச் சும்மா உருள விடுவது. பெட்ரோல் மிச்சமாம். ஃபேக்டரி லொறியிலும் சின்னக் காரிலும் பல வருஷமாகச் செய்துகொண்டிருப்பவன் நான். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. இந்தப் பெரிய வண்டியோ பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கிறது. அடுத்தவர் பெட்ரோல் வேறு.

"நியூட்ரல் போடு" என்றேன். வாத்தியார் சொன்னால் மாணவி கேட்பாள் அல்லவா? போட்டாள். நான் கையை நீட்டிச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தேன்.

டயர் ஓசை மட்டும் கேட்டது. சுகமாக இருந்தது. முதல் வளைவில் பிரேக் பிடித்தாள், பிடித்தது. இரண்டாவது வளைவிலும் பிடித்தது, ஆனால் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன்.

"ஏங்க, பெடல் இறுகுது."

"பழகாதது, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மூன்றாவது வளைவுக்கு முன் மிதித்தாள். பெடல் கல்லாகிவிட்டது. வண்டி வேகம் எடுத்தது. இடது பக்கம் மலையும் மழைத்தண்ணீர் ஓடும் கானும். வலது பக்கம் பள்ளம், கீழே மரங்களின் தலைகள். வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஏறி வருகிறது.

நான் என்ன செய்தேன்? சாவியைத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினேன் என்று இன்றுவரை தெரியாது. ஹேண்ட் பிரேக்கைத் தேடினேன். அந்த வண்டியில் அது எங்கே இருக்கிறது என்றே நான் கேட்டு வைத்திருக்கவில்லை. குனிந்து துழாவினேன். "புடி, புடி" என்று கத்தினேன்.

"புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். குறுக்க வராதீங்க" என்றாள் பூரணம். குரல் உயரவில்லை. பிரசவ அறையில் மாமியார்களை வெளியே அனுப்புகிற அதே குரல்.

பிறகு அவள் செய்ததை நான் மறக்கப் போவதில்லை. இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, முதுகை சீட்டின் சாய்மானத்தில் அழுத்தி, இரண்டு கால்களையும் பெடலில் ஊன்றி, சீட்டிலிருந்து எழும்பிவிட்டாள். உடம்பு முழுவதும் ஒரே கோடு. கழுத்து நரம்பு தெரிந்தது. வண்டி முனகிக்கொண்டே தளர்ந்தது. பஸ் எங்களை உரசுகிற தூரத்தில் கடந்து போனது. பூரணம் மலைப் பக்கம் ஒடித்தாள். இடது சக்கரம் கானின் விளிம்பில் ஏறி, வண்டி நின்றது.

அவள் சாவியை உருவித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க. என்ன செஞ்சீங்க?"

"என்ஜின அணைச்சேன். தப்புதான்" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுச்சில்ல?" என்றாள்.

"நின்னுச்சு."

"பவர் இல்லாமத்தான நின்னுச்சு? இது அந்தப் பொட்டி வண்டியப் போல ரெண்டு மடங்கு கனம். இதையே நிப்பாட்டிட்டேன். அத நிப்பாட்ட முடியாதா?"

அவள் கேட்டது என்னை அல்ல, தன் கால்களை.

என்ஜினைப் போட்டு, மெதுவாக ஹட்டனுக்கே திரும்பினோம். ஓட்டியவள் அவளேதான். மாறி உட்காரட்டுமா என்று கேட்டேன். பார்த்த பார்வையில் என் பக்கத்துக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டேன்.

நேரே கராஜுக்குப் போனோம். பியதாச பாஸ் (தொழில் தெரிந்த மேஸ்திரிகளை இங்கே பாஸ் என்போம்) எங்களுக்குப் பல வருஷப் பழக்கம், நல்ல மெக்கானிக். நடந்ததைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"ஐயா, என்ஜின் மூச்சு உள்ளுக்கு இழுக்குதுதானே, அந்த இழுவைதான் பிரேக்குக்குப் பவர். என்ஜின் நிப்பாட்டினா பவர் எங்கயிருந்து வாற? மிச்சம் இருக்கிறது ரெண்டு மிதி, மூணு மிதி. பொறகு கல்லு. சாதாரண பிரேக்கவிட மோசம்."

"அப்ப வண்டியில பிழை இல்லையா?" என்று கேட்டேன்.

"வண்டியில இல்ல" என்றார். மீதியைச் சொல்லாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

பூரணத்துக்கு வேறு கேள்வி இருந்தது. "பாஸ், நான் கால் பத்தாதுன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். கால் இல்ல, முதுகு. இந்த வண்டியில சீட்ட முன்னால இழுத்துக்கலாம், முதுகுக்குச் சாய்மானம் கெடைச்சுச்சு, அதனால உந்த முடிஞ்சிச்சு. சின்னக் கார்ல பெடல் எட்டலன்னு சீட்டு நுனியில ஒக்காந்து ஓட்டுறேன். பின்னால ஒண்ணுமே இல்ல. வெறுங்கால்ல எவ்வளவு பலம் வரும்?"

பியதாச பாஸ் தலையாட்டினார். பூரணம் என் பக்கம் திரும்பினாள்.

"வலி வந்த பொம்பளைங்ககிட்ட நாளும் பொழுதும் சொல்றேன். முதுக சுவத்துல குடுத்துட்டு முக்குங்கன்னு. எனக்கு நானே சொல்லிக்கலையே."

காசிம் முதலாளியிடம் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது, நான் வார்த்தை தேடுவதற்குள் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையே? அல்லா காப்பாத்தினான்" என்றார். பிறகு, "டெஸ்டுக்கு இதையே எடுங்க தங்கச்சி. பாஸாகணுமே" என்றார்.

நானும் அதைத்தான் சொன்னேன். எந்த வண்டியில் எடுத்தால் என்ன? லைசென்ஸ் லைசென்ஸ்தானே?

"மேல் டிவிஷன் ரோட்டுல இந்தக் கார் திரும்புமா?" என்று கேட்டாள் பூரணம். "நான் ஓட்டப் போறது டிஸ்பென்சரி கார. அத நிப்பாட்டத் தெரியாம லைசென்ஸ வாங்கி என்ன செய்யிறது? பின்னால புள்ளத்தாச்சி படுத்திருப்பா."

அதற்குமேல் வாதாட முடியுமா? நீங்களே சொல்லுங்கள்.

மறுநாளே தோட்டத்து ஆசாரியிடம் ஒரு பலகை செய்யச் சொன்னாள். சீட்டின் சாய்மானத்துக்கும் தன் முதுகுக்கும் நடுவில் நிறுத்தி வைக்க. அதன்மேல் சாக்கை மடித்துத் தைத்தாள். இரண்டு தடவை சரிவரவில்லை. முதல் பலகை வழுக்கியது, இரண்டாவது இடுப்பில் குத்தியது. மூன்றாவது பொருந்தியது. பியதாச பாஸ் வந்து பிரேக்கைப் பிரித்து, குழாயில் இருந்த காற்றை எடுத்து இறுக்கிக் கொடுத்தார். பிறகு ஆறு வாரம், தினமும் வேலை முடிந்ததும் ஃபேக்டரி ரோட்டில் மேலும் கீழும் ஓட்டினாள். நான் ஒரு கோணிப்பையை ரோட்டோரத்தில் போடுவேன். அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும். தாண்டினால் திரும்பவும் மேலே போவாள். கொழுந்து நிறுக்க வரும் பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். முதல் வாரம் சிரித்தார்கள். மூன்றாவது வாரம் பையை நகர்த்தி வைத்து அவளை ஏமாற்றப் பார்த்தார்கள். ஐந்தாவது வாரம், "இன்னைக்கி முட்டாம நின்னுட்டீங்கம்மா" என்று அவளிடம் கணக்குச் சொன்னார்கள்.

வலது தொடையில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்த நாட்கள் உண்டு. விட்டுவிடலாம் என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. நான்தான் இரண்டு முறை சொன்னேன்.

இரண்டாவது சோதனை. அதே ரோடு, அதே குளிர், அதே அதிகாரி. பலகையைப் பார்த்து இது என்ன என்று கேட்டாராம்.

"கால் பலம் பத்தாதுன்னீங்களே சார். அதுக்குத்தான்" என்று பூரணம் பதில் சொன்னாளாம்.

ஃபைலால் தட்டியது ரோட்டோரத்தில் நின்ற எனக்கே கேட்டது. வண்டி நின்றது. தட்டிய இடத்திலேயே நின்றது. ஃபைல் அவர் கையிலிருந்து நழுவி, காகிதமெல்லாம் காலடியில் கொட்டியது. அவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு இறங்கி, காரைச் சுற்றி அவள் பக்கம் வந்து ஜன்னலில் குனிந்தார். "ஹொந்தாய்" என்றார். நல்லது என்று அர்த்தம். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் மேல் டிவிஷனிலிருந்து ஆள் ஓடி வந்தது. முத்துலெச்சுமி என்ற பெண்ணுக்கு வலி. பூரணம் காரில் ஏறினாள், இப்போது சாவி அவளிடம்தான். போய்ப் பார்த்தால் பிள்ளை குறுக்கே கிடக்கிறது. லயத்தில் வைத்து எடுக்க முடியாது, ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்து, புருஷனை முன்னால் ஏற்றிக்கொண்டு, மழை ஈரத்தில் அந்த முழு இறக்கத்தையும் இறங்கினாள்.

நான் அப்போது ஃபேக்டரியில் ரோலர் பக்கம். எனக்கு அந்தப் புருஷன்தான் மறுநாள் வந்து சொன்னான்.

"பாதி வழியில ஒரு லொறி எதுக்க வந்துருச்சுங்க ஐயா. நான் கண்ண மூடிட்டேன். தெறந்து பாத்தா நாங்க அசையாம நிக்கிறோம். அம்மா ஒவ்வொரு வளைவுலயும் சீட்டுலேருந்து எழும்பி எழும்பி ஒக்காந்தாங்க. பின்னால அவளுக்கு ஒரு குலுக்கல் இல்ல."

ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

காசிம் முதலாளி இப்போதும் என்னைக் கேட்கிறார்: பவர் பிரேக்கா, சாதாரண பிரேக்கா, எது உசத்தி? பவர் பிரேக் நல்ல சாமான்தான். உடம்பில் பலம் குறைந்தவருக்கும் பெரிய வண்டியை அடக்கிக் கொடுக்கிறது. நாளைக்கு எல்லா வண்டியிலும் அதுதான் வரும் என்று பியதாச பாஸ் சொல்கிறார், வரட்டும். ஆனால் இரவல் பலத்தில் ஓடுகிறவர் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். தெரியாமல் சாவியைத் திருப்பிய ஒருவன் சொல்கிறேன். அந்தப் பலம் போன பிறகும் நிறுத்தத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், அது நம் அதிர்ஷ்டம். எனக்கு இருந்தது.

இந்த ஞாயிறு காலை இரண்டு பெண்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், மற்றவர் பக்கத்துத் தோட்டத்து மிட்வைஃப். கார் ஓட்டப் பழக வேண்டுமாம். நானும் உற்சாகமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல முன் கதவைத் திறந்தேன்.

"நீங்க பின்னால ஏறுங்க" என்றாள் பூரணம்.